அமிலத்தின் மீது மட்டும் பழி போடாதீர்கள்: அல்சர் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

அல்சர் என்றதும் பலர் வாயில் முதலில் வருவது "ஆசிட் அதிகமாயிடுச்சு" என்பதுதான். மற்ற தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் கிளைக்கின்றன. உண்மையில் இரைப்பையில் புண் வந்த பலருக்கு அமிலம் சாதாரண அளவில்தான் சுரக்கிறது. சிலருக்கு அதற்கும் குறைவு.

வெறும் வயிற்றில் இரைப்பைக்குள் இருக்கும் திரவத்தின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கடுமை, 7 என்றால் நடுநிலை) 1.5 முதல் 2 வரை இருக்கும். அதோடு இறைச்சியையே கரைக்கும் பெப்சின் என்ற செரிமான நொதியும் சேர்ந்துகொள்கிறது. இரைப்பையும் சதைதானே, அது ஏன் தன்னையே செரித்துக்கொள்வதில்லை? சுவரின் மேல் கெட்டியான சளி ஒரு பூச்சு போலப் படர்ந்திருக்கிறது. கீழே உள்ள செல்கள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டைச் சுரந்து அந்தச் சளிக்குள்ளேயே தேக்கி வைக்கின்றன. உள்ளே வர முயலும் அமிலம் அங்கேயே வலுவிழந்துபோகிறது. பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் அதற்கு அடியில், செல்லை ஒட்டிய இடத்தில் பிஎச் கிட்டத்தட்ட 7. அந்தச் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்து நிற்கின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை பழையவை உதிர்ந்து புதியவை வருகின்றன. தப்பித்தவறி உள்ளே புகுந்த அமிலத்தை ரத்த ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சளி, பைகார்பனேட், ரத்த ஓட்டம் மூன்றையும் குறையாமல் பார்த்துக்கொள்வது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேலை செய்வதே புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதால்தான். இதை 1971-இல் கண்டுபிடித்துச் சொன்னவர் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன். 1982-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் இரைப்பையில் காவல் காப்பதும் ஒரே குடும்பத்துப் பொருள்கள். மூட்டில் நிறுத்தினால் இரைப்பையிலும் நின்றுபோகிறது.

"சாப்பிட்டுவிட்டுத்தானே போட்டேன், ஒன்றும் ஆகாது" என்பது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. சாப்பாடு எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பைச் சுவரைத் தாக்குகிறது. அங்கே சாப்பாடு குறுக்கே நிற்காது. குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்ட ஆஸ்பிரினுக்கும், ஊசியாகப் போட்டுக்கொள்வதற்கும் இதே கதைதான். இரண்டு வேறு வலி மாத்திரைகளைச் சேர்த்துப் போடுவது, ஸ்டீராய்டு அல்லது ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தோடு சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். வயதானவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். வலி மாத்திரையால் வரும் புண் அவர்களுக்கு வலிக்காமலேயே இருந்துவிட்டு, நேராக ரத்தக்கசிவில் வந்து நிற்கலாம். சாதாரணத் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால், சொன்ன அளவுக்குள், இரைப்பைக்கு எவ்வளவோ மேல்.

இதைப் படித்துவிட்டு, இதயத்துக்காக மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது அதைவிடப் பெரிய தவறு. இரைப்பைக்குப் பாதுகாப்பாக வேறு மாத்திரை சேர்க்க வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள், அது போதும்.

அடுத்த தவறு, கிருமியை மறந்துவிடுவது. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்றுதான் மருத்துவ உலகமே ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டியபோது பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி யூரியாவிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை வலுவிழக்கச் செய்துகொண்டு, நம்மைக் காக்கும் அதே சளிக்குள் புகுந்து குடியிருக்கிறது. அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் மருந்து குடித்தால் எரிச்சல் அடங்கும், கிருமி அங்கேயேதான் இருக்கும். புண் ஆறியது போலிருந்து திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ இதைக் கண்டுபிடிக்கலாம். இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமெப்ரசோல் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டே பரிசோதித்தால், கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். வழக்கமாக அதை 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் 4 வாரம் கழிய வேண்டும். கிருமியை ஒழிக்கும் ஆன்டிபயாடிக் சிகிச்சை பெரும்பாலும் 10 முதல் 14 நாள். ஐந்தாம் நாள் வயிறு லேசானதும் நிறுத்திவிட்டால், மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கு மசியாததாக மாறிவிடலாம். முடித்த பிறகும், கிருமி போய்விட்டதா என்று குறைந்தது 4 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

சரி, காரம்? புண் இருப்பவருக்கு எரிச்சலைத் தூண்டலாம், ஆனால் காரத்தால் புண் உண்டாவதாகச் சொல்ல முடியாது. பால் குடித்தால் சற்று நேரம் இதமாக இருக்கும். அப்புறம் அதிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலத்தை இன்னும் சுரக்க வைக்கும். இவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் புகையை விட்டுவிடுகிறார்கள். புகைத்தால் புண் ஆறத் தாமதமாகும், ஆறிய பிறகும் திரும்ப வரலாம்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் நல்ல மருந்துகள்தான். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் நாமே வாங்கிப் போடுவதுதான் தப்பு. இரைப்பைப் புற்றுநோயின் வலிகூட அதில் கொஞ்ச நாள் அடங்கலாம். எடை குறைவது, விழுங்கச் சிரமம், ரத்தசோகை இருந்தால் எண்டோஸ்கோபியை (கேமரா பொருத்திய குழாயால் இரைப்பையின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) தள்ளிப்போடக் கூடாது.

மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தாலோ, வாந்தி காபித்தூள் நிறத்தில் வந்தாலோ உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்க வைக்கும் என்பது உண்மைதான். அது மாத்திரையாலா, ரத்தத்தாலா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கையில் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் இருக்கட்டும்.