கடல்நீரில் நிற்கும் இரும்புக்கு அலுமினியக் கவசம்: முதல்முறை தெளிப்பவர்களுக்கு

கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம்தான். இரும்பைத் தின்ன அதுவே போதும். முழுக்க மூழ்கிய பகுதியைவிட, அலை அடித்துவிட்டுப் போகிற பகுதிதான் சீக்கிரம் அழியும். நனைவதும் காய்வதுமாக இருக்கும் அந்த இடத்தில் ஆக்சிஜனுக்கும் குறைவில்லை. பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் அதன் அடியிலேயே துரு ஊர்ந்து போய்விடும். உருக்கிய உலோகத்தைத் தெளித்த பூச்சு அப்படியல்ல. அமெரிக்க வெல்டிங் சங்கம் 1974இல் முடித்த 19 ஆண்டுச் சோதனையில், அலுமினியம் தெளித்த எஃகு கடல்நீரில் நன்றாகவே தாக்குப்பிடித்தது.

முதலில் எதிரி யாரென்று பாருங்கள்

துருவா, தேய்மானமா? இரண்டுக்கும் மருந்து வேறு. துருவுக்கு அலுமினியமோ துத்தநாகமோ போதும். அவை தாங்கள் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். ஆனால் மிருதுவானவை. மணல் கலந்த நீர் சுழலும் பம்ப் இம்பெல்லரில் (நீரைத் தள்ளும் சுழல் இறக்கை) நிற்காது. அதற்கு அதிவேகச் சுடர் முறையில் டங்ஸ்டன் கார்பைடு தெளிப்பார்கள். அது கல் போலக் கடினம். ஆனால் இரும்புக்காகக் கரையாது. ஓர் ஊசித்துளை இருந்தால்கூட அடியில் துரு தொடங்கிவிடும். அந்த வேலையைப் பழகியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நாம் ஓர் எஃகு பிராக்கெட்டுக்கு, இரட்டைக் கம்பி ஆர்க் துப்பாக்கியால் அலுமினியம் தெளிப்போம். இரண்டு அலுமினியக் கம்பிகளை மின்பொறியால் உருக்கி, அழுத்தக் காற்றால் ஊதித் தெளிக்கும் கருவி அது.

படி 1: கழுவுதல்

வெல்டிங் துணுக்குகளைத் தட்டி எடுங்கள், கூரான விளிம்புகளை உருட்டிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பானால் துடைத்துவிட்டு, நல்ல தண்ணீரை அழுத்தத்தோடு பாய்ச்சி உப்பைப் போக்குங்கள். பிளாஸ்டிங் (அழுத்தக் காற்றால் கடினத் துகள்களை அடித்துத் தேய்ப்பது) செய்தால் இதெல்லாம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அது உப்பையும் எண்ணெயையும் உள்ளேதான் அடித்து இறக்கும். மரைகள், பேரிங் உட்காரும் இடங்கள் ஆகியவற்றை இப்போதே மூடிவிடுங்கள்.

படி 2: பிளாஸ்டிங்

என் கணக்கில் முக்கால்வாசி வேலை இதுதான். தெளித்த உலோகம் இரும்போடு உருகி ஒட்டுவதில்லை. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் உருண்டைக் குண்டுகள் உதவாது. கூர்முனை கொண்ட அலுமினா அல்லது எஃகு கிரிட் (துகள்) வேண்டும். மணலைத் தொடவே தொடாதீர்கள், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். எங்கும் கறையில்லாத வெண்சாம்பல் நிறம் வரவேண்டும். சொரசொரப்பின் ஆழம் 75 மைக்ரானுக்குக் குறையக்கூடாது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

படி 3: நேரமும் ஈரமும்

பிளாஸ்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் தெளித்தாக வேண்டும். ஈரக் காற்றில் இன்னும் சீக்கிரம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழேயும், இரும்பின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலேயும் இருக்கட்டும். ஒருமுறை மாலையில் பிளாஸ்டிங் முடித்துவிட்டு, கண்ணுக்குப் பளிச்சென்றுதானே இருக்கிறது என்று மறுநாள் காலையில் தெளித்தேன். உளி வைத்ததும் தகடு தகடாக உரிந்து வந்தது.

படி 4: தெளித்தல்

காற்று வழங்கும் முகக்கவசம், வெல்டிங் கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் கட்டாயம். அலுமினியத் தூசி வெடிக்கக்கூடியது. குவியவிடாதீர்கள், பக்கத்தில் பொறி பறக்கும் வேலை எதுவும் கூடாது. கம்ப்ரஸர் காற்றில் ஈரமோ எண்ணெயோ இருக்கக்கூடாது. வெள்ளைத்தாளில் ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

துப்பாக்கியை 15 முதல் 20 செ.மீ. தள்ளி, நேர்செங்குத்தாகப் பிடியுங்கள். 45 டிகிரிக்குக் கீழே சாய்த்தால் பூச்சு பொலபொலவென்று வரும். ஒருமுறை கிடையாக, அடுத்தமுறை நெட்டாக, ஓட்டம் மேல் ஓட்டமாக 250 மைக்ரான் அளவுக்கு ஏற்றுங்கள். ஒரே இடத்தில் நிற்காதீர்கள்.

படி 5: சீலர்

தடிமன்மானியால் பல இடங்களில் அளந்து பாருங்கள். புதுப் பூச்சில் நுண்துளைகள் இருக்கும். அவற்றை அடைக்கும் நீர்த்த எபாக்சி சீலரை அன்றே தடவினால் உறிஞ்சிக்கொள்ளும். அழகுக்காக மேலே தடித்த பெயின்ட் ஏற்றவேண்டாம். கடல்நீரில் கொப்புளம் கட்டி உரியும்.

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெண்கலமோ துருப்பிடிக்காத எஃகோ பூச்சை நேரடியாகத் தொட்டால், அலுமினியம் அவற்றுக்காகவும் கரையத் தொடங்கிவிடும். போல்ட்டுக்கு நைலான் குழலும் வாஷரும் போடுங்கள். கயிறு உரசி ஏற்பட்ட சின்னக் கீறலுக்குப் பதற வேண்டாம், சுற்றியுள்ள அலுமினியம் பார்த்துக்கொள்ளும்.