ஐந்தொகை இடிக்கும் இடங்கள்: ஆற்றல் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் கணக்கு எழுதிப் பழகிய வீடுகளில் ஐந்தொகை (வரவும் செலவும் நேராகிறதா என்று பார்க்கும் கணக்கு) போடும்போது ஒரு ரூபாய் இடித்தாலும் ஏட்டை மூட மாட்டார்கள். எங்கோ ஒரு பற்று எழுதாமல் விடுபட்டிருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆற்றல் மாறா விதியை நான் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லித் தருகிறேன். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றாக மாற்றத்தான் முடியும் என்ற அந்த விதி எல்லோருக்கும் மனப்பாடம். தேடிப் பார்க்காமல் "ஆற்றல் அழிந்துவிட்டது" என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு.

10 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து 10 கிலோ தண்ணீரை இறைத்தால், அதற்குச் சேரும் நிலை ஆற்றல் (உயரத்தால் கிடைக்கும் ஆற்றல்) சுமார் 980 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு). (ராட்டினம் இந்தத் தொகையைக் குறைக்காது. கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்க வசதி செய்கிறது, அவ்வளவுதான். உராய்வுக்குக் கொஞ்சம் கூடவே செலவாகும்.) கயிறு நழுவி அந்தத் தண்ணீர் திரும்பக் கிணற்றில் விழுந்து அடங்கிவிட்டது. சரி, 980 ஜூல் எங்கே? ஏறக்குறைய எல்லாமே நீரில் வெப்பமாகச் சேர்ந்துவிட்டது. விழுந்த 10 கிலோவிலேயே முழுதும் தங்கினாலும் 0.02 டிகிரிதான் ஏறும். கைக்கும் தெரியாது, வீட்டுத் தெர்மாமீட்டருக்கும் தெரியாது. ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1840-களில் எடைகளைக் கீழே இறங்கவிட்டு, அவை சுழற்றும் துடுப்பால் நீரைக் கலக்கி, இந்த நுண்ணிய சூட்டைத்தான் பொறுமையாக அளந்தார். இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த சோதனை அது.

அடுத்தது, வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றாக நினைப்பது. காலையில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கால் வைத்தால் சில்லென்று இருக்கிறது. பக்கத்துத் தேக்குத் தூணைத் தொட்டால் அப்படி இல்லை. "கல்லிலிருந்து குளிர் ஏறுகிறது" என்று எழுதாதீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. நம் உடம்பின் வெப்பத்தைக் கல் வேகமாக வாங்கிக்கொள்கிறது, மரம் மெதுவாக வாங்குகிறது. குளிர் என்று தனியாக எதுவும் ஓடுவதில்லை. அதேபோல், வீட்டின் தடித்த சுவர் வெயிலை ஒழித்துவிடுவதும் இல்லை. பகலில் வாங்கி வைத்த சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகு மெல்லத் திருப்பித் தருகிறது.

அடுப்படியிலும் இதே குழப்பம்தான். உலைநீர் கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினால் சூடு இன்னும் ஏறும் என்று நினைக்கிறோம். திறந்த பானையில் நீர் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். கூடுதல் தீயெல்லாம் ஆவியாக்கப் போய்விடும். ஒரு கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 293 கிலோஜூல் போதும். அதை முழுதும் ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும், ஏழு மடங்குக்கு மேல். அரிசி வேகக் கொதி அடங்காத அளவுக்குத் தீ இருந்தால் போதும்.

பூட்டிய அறையில் ஓடும் மின்விசிறி காற்றைக் குளிர்விக்காது. அது வாங்கும் மின்சாரம் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் சேரும்.

அப்புறம் பாட்டரி. அதற்குள் மின்சாரம் அடைபட்டிருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கும் காரைக்குடியில் இந்தத் தவறு வரக் கூடாது. உள்ளே இருப்பது வேதி ஆற்றல். சார்ஜ் ஏறும்போது போன் சூடாகிறதே, கணக்கில் அதையும் தனி வரியாக எழுத வேண்டும்.