புது ஓவியர்கள் சேர்ந்து நிதி திரட்டும் கண்காட்சி: முதன்முறை நடத்துவோருக்கு

படம் மாட்டி நிதி திரட்டுவது பழைய வழக்கம்தான். ஆதரவற்ற குழந்தைகளுக்காக 1739-ல் லண்டனில் தொடங்கிய ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் என்ற இல்லத்துக்கு ஓவியர் வில்லியம் ஹோகார்த் தன் ஓவியங்களைக் கொடுத்தார், சக ஓவியர்களையும் கொடுக்க வைத்தார். படம் பார்க்க வந்த வசதி படைத்தவர்கள் அப்படியே நன்கொடையும் தந்தார்கள். பொதுமக்களுக்குப் படம் காட்ட இடம் கிடைக்காமல் இருந்த ஓவியர்களுக்கும் நல்ல சுவர் கிடைத்தது.

இப்போது நடக்கும் பல கண்காட்சிகளில் இந்த இரண்டாவது பாதி காணாமல் போய்விடுகிறது. படத்தையும் ஓவியர் தர வேண்டும், ஃபிரேம் செலவும் அவருடையது, விற்ற பணம் முழுக்க நற்காரியத்துக்கு. அடுத்த வருடம் கூப்பிட்டால் அவர் போனை எடுக்கமாட்டார். அதனால் சுவருக்கும் ஆணிக்கும் முன்னால் பணப் பேச்சிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: பங்கைப் பேசி முடியுங்கள்

வணிகக் காட்சிக்கூடங்கள் விற்பனையில் பாதி வரை கழிவு (கமிஷன்) எடுப்பது பரவலான வழக்கம். அந்தக் கழிவு இங்கே தொண்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஆளுக்குப் பாதி என்பது இரு தரப்புக்கும் நியாயமாகப் படும். முழுத் தொகையையும் தர விரும்பும் ஓவியர் தாராளமாகத் தரட்டும். ஆனால் அது அவராக முன்வந்து சொல்வதாக இருக்க வேண்டும், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டு வாங்குவதாக இருக்கக் கூடாது.

ஃபிரேம் செலவைப் பங்கு பிரிப்பதற்கு முன் கழிப்பதா, பின் கழிப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 100-க்கு விற்ற படத்துக்கு ஃபிரேம் செலவு 20 என்றால், முன்னால் கழித்தால் ஓவியர் கையில் 40 நிற்கும். பின்னால் கழித்தால் 30 மட்டுமே. நான் முன்னால் கழிக்கும் கட்சி. அரங்க வாடகை, அழைப்பிதழ் போன்ற பொதுச் செலவுக்கு வேறு புரவலரைப் பிடியுங்கள். விற்பனைப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

படி 2: யாருக்காக?

பதிவு பெற்ற அமைப்பாகப் பாருங்கள். அதன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். பணம் எதற்குப் போகும் என்று ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். ‘குழந்தைகள் நலனுக்கு’ என்பதைவிட ‘நூலக அறையின் கூரைக்கு’ என்பது பார்வையாளர் மனதில் நிற்கும்.

வரிச்சலுகை ரசீது பற்றி வாங்குபவர்கள் கேட்பார்கள். பணத்துக்கு ஈடாகப் படம் கைக்குப் போவதால், பல நாடுகளில் முழு விலையையும் நன்கொடையாகக் காட்ட முடியாது. அமைப்பின் கணக்கரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

படி 3: ஓவியர்களும் படங்களும்

முதல் முறைக்கு எட்டுப் பத்துப் பேர் போதும், ஆளுக்கு மூன்று படம். படத்தின் புகைப்படம், அளவு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது), விலை நான்கையும் ஒரே படிவத்தில் ஒரு கெடு வைத்து வாங்குங்கள். ‘இது வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவர் தேர்வுக் குழுவில் அவசியம். நல்ல காரியம்தானே என்று வந்ததையெல்லாம் மாட்டினால் நல்ல படமும் சேர்ந்து அடிபடும்.

இன்னொரு யோசனை. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் 1994-ல் அஞ்சலட்டை அளவு ஓவியங்களை விற்கத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் ஒரே விலை, கையெழுத்து பின்பக்கம். வாங்கிய பிறகுதான் யார் வரைந்தது என்று தெரியும். அங்கே பெரிய பெயர் சிக்கலாம் என்ற ஆசையும் கூட்டத்தை இழுத்தது. உங்களிடம் பெரிய பெயர்கள் இல்லாவிட்டாலும் வேறொரு லாபம் உண்டு: சித்தப்பாக்களும் அத்தைகளும் தங்கள் வீட்டுப் பிள்ளையின் படத்தை மட்டும் தேடி வாங்க முடியாது. ஒரு சிறு சுவரை இதற்கு ஒதுக்கலாம்.

படி 4: ஒரு பக்க ஒப்பந்தம்

நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். நண்பர்களுக்குள்தான் முக்கியமாக வேண்டும். படத்தின் பெயர், அளவு, விலை, பங்கு, சேதமானால் யார் பொறுப்பு, விற்காத படம் திரும்பும் தேதி, பணம் கைக்கு வரும் தேதி. கூடவே, படம் விற்றாலும் பதிப்புரிமை ஓவியருடையதே என்ற வரி. நாட்காட்டி, வாழ்த்து அட்டையில் படத்தை அச்சிட அமைப்பு விரும்பினால் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

படி 5: படத்தைத் தயார் செய்வது

நீர்வண்ணம், பாஸ்டல், கரிக்கோல் ஓவியங்களுக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் அமிலமற்ற மவுண்ட் அட்டை (படம் தெரியும்படி நடுப்பகுதி வெட்டிய அட்டைச் சட்டம்) வையுங்கள். எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே காய மாதங்கள் ஆகும். கண்காட்சிக்கு முந்தைய வாரம் முடித்த படத்தைச் சுற்றிக் கட்டி எடுத்து வராதீர்கள், உறையின் தடம் அப்படியே பதிந்துவிடும்.

ஃபிரேமின் பின்னால், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி, இருபுறமும் டி வளையம் (D வடிவ உலோக வளையம்) பொருத்திக் கம்பி கட்டச் சொல்லுங்கள். சணல் கயிற்றோடு வரும் படத்தை வாங்காதீர்கள்.

படி 6: மாட்டுவது

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பெரும்பாலும் படங்கள் உயரமாகப் போய்விடும். விதி எளிது: படத்தின் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ பார்க்காதீர்கள், நடுப்புள்ளியைப் பாருங்கள். எல்லாப் படங்களின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் ஒரே கோட்டில் இருக்கட்டும்.

ஆணி எங்கே? நடு உயரத்தோடு படத்தின் பாதி உயரத்தைக் கூட்டுங்கள். கம்பியை நடுவில் பிடித்து மேலே இழுத்தால் ஃபிரேமின் மேல் விளிம்புக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 60 செ.மீ. உயரப் படம், இடைவெளி 8 செ.மீ. என்றால் 150 + 30 - 8 = 172. ஆணி 172 செ.மீ. உயரத்தில்.

சுவரைத் தொடும் முன் படங்களையெல்லாம் தரையில் சாய்த்து வைத்து வரிசையை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு ஓவியரின் மூன்று படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவர் யார் என்று பார்ப்பவருக்குப் பிடிபடும். புதியவருக்கு அதுதான் முக்கியம். சமாதானத்துக்காக எல்லாரையும் கலந்து மாட்டினால் ஒருவரும் நினைவில் நிற்கமாட்டார். கண்ணாடி போட்ட படத்தை ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பார்ப்பவர் முகம்தான் தெரியும். நீர்வண்ணத்தில் வெயில் படவே கூடாது.

படி 7: விலையும் விற்பனையும்

தொண்டு என்பதற்காக விலையை அடிமட்டத்துக்கு இறக்காதீர்கள். இங்கே மலிவாக விற்றால், அந்த ஓவியர் அடுத்த கண்காட்சியில் விலை சொல்லத் திணறுவார். வழி தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு: உயரம், அகலம் இரண்டையும் கூட்டி ஒரு நிலையான தொகையால் பெருக்குங்கள். அளவுக்கேற்ற விலை சீராக வரும், ஏன் இந்த விலை என்று கேட்டால் பதிலும் இருக்கும்.

பக்கத்தில் வைக்கும் சீட்டில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, விலை. கீழே, விலையில் எவ்வளவு பங்கு தொண்டுக்குப் போகிறது என்ற ஒரு வரி. விற்றதும் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள். பணம் வாங்குவதும் பதிவேட்டில் எழுதுவதும் ஒரே ஆளின் வேலை. இரண்டு பேர் பார்த்தால் ஒரே படம் இரண்டு பேருக்கு விற்றுப்போகும்.

திறப்பு நாளில் பேச்சைச் சுருக்கமாக வையுங்கள். படம் வாங்க முடியாதவர்களுக்கு வாசலருகே உண்டியல்.

படி 8: முடிந்த பிறகு

விற்காத படங்களைச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுங்கள். ஓவியர் பங்கையும் அமைப்பின் பங்கையும் ஒரே நாளில் செலுத்தி, மொத்த வரவு செலவை எல்லாருக்கும் அனுப்புங்கள். வாங்கியவர் சம்மதித்தால் அவர் பெயரையும் தொடர்பையும் ஓவியரிடம் சேர்த்துவிடுங்கள். அடுத்த படத்தை முதலில் காட்ட அவருக்கு ஒரு ஆள் கிடைத்திருப்பார்.