ஏற்காட்டுக்கு ஏறும் பூனை: குழந்தைகளுக்கு முதல் புரோகிராம்

சேலத்துப் பிள்ளைகளுக்கு லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) விளக்க வெளியே எங்கும் உதாரணம் தேட வேண்டாம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணாத பிள்ளை குறைவு. அந்தப் பாதையையே வரைய வைப்போம்.

தேவை ஸ்கிராட்ச்: கட்டளை எழுதிய கட்டைகளைத் திரையில் இழுத்து அடுக்கிப் புரோகிராம் செய்யும் மென்பொருள். எம்ஐடி மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது, இலவசம். நெட் சொதப்பும் வீடு என்றால் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மவுஸ் கடைசி வரை பிள்ளை கையில்தான் இருக்க வேண்டும். நமக்கு வாய் மட்டும்.

திறந்ததும் பூனை நிற்கும். இடது கீழ் மூலைப் பொத்தானை அழுத்தி கோடு வரைய ‘பென்’ சேர்க்கவும். பச்சைக் கொடிக் கட்டையின் கீழ் வரிசையாக: எரேஸ் ஆல், பென் அப், சைஸ் 20, எக்ஸ் -100 ஒய் -160 (இதுதான் அடிவாரம்), திசை 90, பென் டவுன். ‘பென் அப்’பை விட்டால் அடுத்த ஓட்டத்தில் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு ரோப் கார் கம்பி மாதிரி ஒரு கோடு விழும். விழட்டும், ஏன் என்று அவர்களே தேடட்டும்.

இனி பாதை:

மூவ் 200, இடது 90
மூவ் 16, இடது 90
மூவ் 200, வலது 90
மூவ் 16, வலது 90
வெயிட் 0.3

இதை இரண்டு மூன்று முறை கையாலேயே அடுக்கச் சொல்லுங்கள். “எத்தனை வாட்டிம்மா இதையே இழுக்கறது?” என்று சலிப்பு வரும். ‘ரிப்பீட்’ கட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான். முன்கூட்டியே கொடுத்தால் அது இன்னொரு கட்டை, அவ்வளவே.

‘ரிப்பீட்’டில் எத்தனை முறை என்று கேட்டால் பெரும்பாலும் 20 என்றுதான் போடுவார்கள். மேடையின் (பூனை நடமாடும் திரைப்பகுதி) உயரமே 360. பூனை உச்சியில் முட்டிக்கொண்டு அங்கேயே இடமும் வலமுமாக அலையும். விடையைச் சொல்லாமல், ஒரு சுற்றை மட்டும் ஓடவிட்டு வளைவுகளை விரலால் எண்ணச் சொல்லுங்கள். ஒரு சுற்றில் இரண்டு. அப்படியானால் 10.

இடப்பக்கம் திரும்பும்போது பூனை தலைகீழாகும். சிரித்து முடித்ததும் ‘ரொட்டேஷன் ஸ்டைல்’ கட்டையில் இடது-வலதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கோப்பைச் சேமித்துவிட்டு அடுத்த வேலையைக் கொடுங்கள்: ஒய் 160-இல் தொடங்கி பூனை சேலத்துக்கு இறங்க வேண்டும். எந்தக் கட்டைகளை மாற்றுவது?