சுண்டெலி எச்எஸ்பி70 புரதம்: குப்பி கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

சூடு தாங்காமல் உருக்குலையும் புரதங்களைப் பிடித்து மறுபடி சரியாக மடிய வைக்கும் வேலை எச்எஸ்பி70-உடையது. ஆய்வகங்களுக்கு வருவது பெரும்பாலும் சுண்டெலியின் ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தித் தயாரித்த புரதம். முதல்முறை கையாள்பவர்களுக்காக இந்தக் குறிப்பு. உறைந்த கரைசலாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் கூட வந்த தாளைப் படியுங்கள். செறிவு, பஃபரில் (புரதம் கரைந்திருக்கும் உப்புக் கரைசல்) உள்ளவை, ஹிஸ்டிடின் வால் (புரதத்தைச் சுத்திகரிக்கச் சேர்க்கும் சிறு துண்டு) உண்டா, எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) அளவு எவ்வளவு என்பதை நோட்டில் எழுதிவிடுங்கள்.

2. குப்பியை ஐஸில் வைத்து மெதுவாக உருகவிடுங்கள். மூடியில் ஒட்டிய துளிகள் இறங்க, சென்ட்ரிஃபியூஜில் சில நொடி சுற்றினால் போதும். வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) வேண்டாம், நுரை வந்தால் புரதம் கெடும். பிப்பெட்டால் மெல்லக் கலந்து, ஒரு சோதனைக்கு வேண்டிய அளவாகச் சிறு ட்யூப்களில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். இப்படிப் பிரித்து வைத்த ட்யூபை உருக்கிய பின் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

3. ஒரு மைக்ரோகிராம் எடுத்து 10% எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்) ஓட்டுங்கள். 70 கிலோடால்டன் பக்கம் ஒரே தடித்த பட்டை தெரிய வேண்டும். கீழே நிறையச் சிறு பட்டைகள் தெரிந்தால் புரதம் சிதைந்திருக்கிறது.

4. நீர்த்தல். குப்பியின் செறிவு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் மைக்ரோலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். செல் தட்டின் 100 மைக்ரோலிட்டர் குழியில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வேண்டுமானால், தேவைப்படுவது 0.1 மைக்ரோலிட்டர். அதை எந்தப் பிப்பெட்டாலும் ஒழுங்காக எடுக்க முடியாது. முதலில் பத்து மடங்கு நீர்த்து, அதிலிருந்து 1 மைக்ரோலிட்டர் விடுங்கள்.

5. இனி கன்ட்ரோல்கள், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழிகள். பலரும் சறுக்குவது இங்கேதான். ஈ.கோலையின் உறையில் இருக்கும் எண்டோடாக்சின் புரதத்தோடு கூடவே வந்துவிடும். மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் அதற்கே டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கும், நாம் எச்எஸ்பி70 செய்த வேலை என்று நினைத்துக்கொள்வோம். மனித எச்எஸ்பி70-ஐ வைத்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்தச் சுரப்புக்குக் காரணம் கலப்படமே என்று காட்டியது.

கொதித்தால் புரதம் கெடும், எண்டோடாக்சின் தாங்கும் என்று எண்ணி, கொதிக்க வைத்த புரதத்தை மட்டும் கன்ட்ரோலாக நம்பும் வழக்கம் உண்டு. கொதித்த பின் விளைவு மறைந்தால் 'புரதம்தான் காரணம்' என்று எழுதிவிடுவார்கள். அப்படி அவசரப்பட வேண்டாம், மிகக் குறைந்த அளவு எண்டோடாக்சினும் கொதித்தால் வீரியம் இழக்கும். அதனால் குப்பியில் இருக்கும் அதே அளவு தூய எண்டோடாக்சினை ஒரு குழியிலும், எண்டோடாக்சினைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும் பாலிமிக்சின் பி சேர்த்த புரதத்தை இன்னொன்றிலும், வெறும் பஃபரை மற்றொன்றிலும் வையுங்கள். உண்மையான எண்டோடாக்சின் அளவு தெரிய, குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எல்ஏஎல் சோதனை இருக்கிறது.

செல்லே இல்லாமல், எச்எஸ்பி70 ஏடிபியை (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) சிதைப்பதை மட்டும் அளப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்கள் பஃபரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.