டர்போ எஞ்சின் டியூனிங்: டைமிங்கையும் பெட்ரோலையும் சேர்த்தே பாருங்கள்

எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று உடனே முடிவுகட்டிவிடுவது என் பழைய பழக்கம். 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 1 பார் பூஸ்ட் (டர்போ அழுத்தித் தரும் கூடுதல் காற்றழுத்தம்) கொண்ட என் வண்டியில் முழு த்ராட்டில் கொடுத்தபோது, எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்பைனுக்கு முன்னால் பொருத்தியிருந்த வெப்ப மீட்டர் 950 டிகிரியைத் தொட்டது. காற்று-எரிபொருள் விகிதம் 11.6, அதாவது எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.6 பங்கு காற்று; எண் குறைந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலைக் கூட்டி 11.2 ஆக்கினேன், அப்புறம் 10.8. வெப்பம் இருபது டிகிரிகூட இறங்கவில்லை. பின்னால் கரும்புகை வந்தது, ஆயில் குச்சியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை.

கோளாறு டைமிங்கில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு கிராங்க் எத்தனை டிகிரி முன்னால் இருக்கும்போது தீப்பொறி விழுகிறது என்பதில் இருந்தது. நாக்கிங் (சுடர் வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடிப்பது) வந்துவிடுமோ என்ற பயத்தில் அதை 6 டிகிரியிலேயே வைத்திருந்தேன். தீப்பொறி அவ்வளவு தாமதமாக விழுந்தால் பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகப் போய் டர்பைனைச் சுடும். டைமிங்கை 9 டிகிரிக்கு ஏற்றி, பெட்ரோலை 11.5க்குத் திருப்பினேன். மீட்டர் 880இல் நின்றது, வண்டியும் நன்றாக இழுத்தது. அன்றிலிருந்து இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

லேப்டாப்பைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியுவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை கிராங்க் புல்லியில் அடித்துப் பாருங்கள். அங்கேயும் 10தான் தெரிய வேண்டும். பழைய புல்லிகளில் நடுவிலுள்ள ரப்பர் நழுவி, குறியே இடம் மாறியிருக்கும். அதனால் முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தை டயல் கேஜ் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. பெட்ரோல் அழுத்தமும் பூஸ்டோடு ஒன்றுக்கு ஒன்றாக ஏற வேண்டும்: பூஸ்ட் இல்லாதபோது 3 பார் என்றால் 1 பார் பூஸ்டில் 4 பார். ஏறவில்லை என்றால் பம்பையோ ரெகுலேட்டரையோ பாருங்கள், ஈசியுவில் உள்ள பெட்ரோல், டைமிங் அட்டவணையை, அதாவது மேப்பைத் தொடாதீர்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்தே கிடந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் டர்போவுக்குப் பின்னால், நுனி கீழ்நோக்கிச் சாய்ந்தபடி இருக்கட்டும். குழாயின் அடியில் பொருத்தினால் தண்ணீர் தேங்கிக் கெட்டுவிடும்.

இனி வேலை. முதலில் பூஸ்டைக் குறைந்த அளவில் வையுங்கள். முழு லோடில் விகிதம் 11.2 அளவில், அதாவது தேவைக்குச் சற்று அதிகமான பெட்ரோலோடு இருக்கட்டும். டைமிங் நிச்சயமாகப் பாதுகாப்பானது என்று தெரிந்த அளவிலிருந்து தொடங்கட்டும். எஞ்சினின் சுழற்று விசையை (டார்க்) அளக்கும் டைனோவில் ஒரு ஓட்டம், பிறகு 1 டிகிரி கூடுதல், மறுபடி ஒரு ஓட்டம். டார்க் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் சில டிகிரிகளுக்கு நன்றாக ஏறும், அப்புறம் ஏற்றம் சுருங்கும். ஒரு டிகிரி கூட்டியும் டார்க் அப்படியே இருந்தால் 2 டிகிரி திரும்ப எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் கொடுப்பது பிஸ்டன் இன்னும் மேலே வரும்போதே அதன் தலையில் அடிப்பதுதான். உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரியில் சிலிண்டர் அழுத்தம் உச்சமடைந்தால் போதும். பங்க் பெட்ரோலில், அதிக பூஸ்டில், பெரும்பாலும் அந்த இடம் வருவதற்குள்ளேயே நாக்கிங் வந்துவிடும். அப்போது எல்லை அதுதான்.

நாக்கிங்கைக் காதால் கேட்பதை நான் இன்றும் விடவில்லை. ஒரு செம்புக் குழாயின் முனையைத் தட்டித் தட்டையாக்கி, துளை போட்டு, எஞ்சின் பிளாக்கில் உள்ள ஒரு போல்ட்டோடு இறுக்குவேன். மறுமுனையில் ரப்பர் ஹோஸ், அதன் கடைசியில் சத்தம் தடுக்கும் காதுமூடி. சாதாரண எஞ்சின் அதில் ஒரே சீரான இரைச்சலாகக் கேட்கும். நாக்கிங் தகர டப்பாவில் இரண்டு சரளைக்கல் விழுந்தது போல அந்த இரைச்சலுக்கு மேலே தனியாகத் தெறிக்கும். ஒரு முறை கேட்டுவிட்டால் மறக்கவே மறக்காது. நாக் சென்சார் வைத்துக் கேட்பவர்களுக்கு: 86 மி.மீ. போருக்கு (சிலிண்டர் விட்டத்துக்கு) இந்த ஓசை ஏறத்தாழ 6.7 கிலோஹெர்ட்ஸில் இருக்கும்.

எனக்குப் பிடிபட அதிக நாள் ஆன விஷயம் இனிமேல்தான். டைமிங் முடிந்ததும், அதிகமாக ஊற்றிய பெட்ரோலைக் குறைக்கத் தோன்றும். 11.2இலிருந்து 11.8க்குப் போனால் வண்டி சுறுசுறுப்பாகும், உண்மைதான். ஆனால் சுடரின் வேகமும் கூடுகிறது. 12.5, 13 வரை பெட்ரோலைக் குறைக்கக் குறைக்க எரிதல் வேகமாகிக்கொண்டே போகும். வேகமாக எரிந்தால், டைமிங் எண்ணை நீங்கள் தொடாமலே டைமிங் ஏறியதற்குச் சமம். கூடவே பெட்ரோல் தந்த குளிர்ச்சியும் குறைகிறது. 11.2இல் சத்தமில்லாமல் ஓடிய 12 டிகிரி, 11.8இல் தெறிக்கலாம். ஆகவே பெட்ரோலைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் 1 டிகிரி டைமிங்கை எடுத்துவிட்டு, பிறகு படிப்படியாகத் தேடுங்கள். முழு பூஸ்டில் 11.5ஐத் தாண்டி நான் போவதில்லை. அதற்கு மேல் கிடைக்கும் சில குதிரைத்திறனுக்காக பிஸ்டனைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

டைமிங்கையும் எடுத்து, பெட்ரோலையும் கூட்டி, அப்படியும் தெறிக்கிறது என்றால் பூஸ்டை இறக்குங்கள். 1980களில் சாப் கார்களில் வந்த ஏ.பி.சி அமைப்பு நாக்கிங் கேட்டால் பூஸ்டைத்தான் குறைத்தது. இன்றைக்கும் அது நல்ல யோசனை.

டைமிங் டேபிளின், அதாவது மேப்பின் வடிவத்தையும் கவனியுங்கள். டார்க் உச்சத்தில் இருக்கும் ஆர்.பி.எம்மில்தான் சிலிண்டர் நன்றாக நிரம்புகிறது, டைமிங் அங்கேதான் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதைத் தாண்டி ஆர்.பி.எம் ஏற ஏற மெதுவாகக் கூட்டலாம். பூஸ்ட் இல்லாமல் சீராக ஓடும் பகுதியில் விகிதம் 14.7, டைமிங் 30 டிகிரிக்கு மேல் போனாலும் பயமில்லை.

அதிக பூஸ்டில் காற்று-எரிபொருள் மீட்டர் திடீரென்று 14, 15 என்று காட்டி, வண்டியும் திணறினால், அவசரப்பட்டு பெட்ரோல் ஊற்றாதீர்கள். தீப்பொறி அணைந்துபோய் எரியாமல் வெளியேறிய ஆக்ஸிஜனைத்தான் சென்சார் பார்க்கிறது. பிளக் இடைவெளியை 0.8இலிருந்து 0.6 மி.மீ. ஆக்கிப் பாருங்கள்.

கடைசி ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை அப்படியே அணைத்து, ஆறியபின் நான்கு பிளக்குகளையும் கழற்றி, பூதக்கண்ணாடியில் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியத் துகளோ இருந்தால் எந்த மீட்டர் என்ன சொன்னாலும் அந்தச் சிலிண்டரில் நாக்கிங் நடந்திருக்கிறது. 2 டிகிரி எடுத்துவிட்டு, புது பிளக் போட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.