மகளிர் கல்லூரியின் சேர்க்கை மேசையில் அமரப் போகிறவருக்கு

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான மறுநாள் காலையில் மகளிர் கல்லூரிக்கு வரும் ஒரு குடும்பத்தைக் கவனித்தால், மதிப்பெண் பட்டியலின் நகல் தந்தையின் கையிலும், சான்றிதழ்கள் அடங்கிய பிளாஸ்டிக் உறை தாயின் மடியிலும், பேசும் பொறுப்பு உடன் வந்த சித்தப்பாவிடமும் இருக்கும். படிக்கப் போகும் பெண்ணிடம் மட்டும் ஒன்றும் இருக்காது. சேர்க்கை ஆலோசகராகப் புதிதாக வருபவர் பாடப்பிரிவுகளையும் கட்டண விவரத்தையும் இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை வரவழைக்கக் கற்பதற்குத்தான் இரண்டு மூன்று சேர்க்கைப் பருவங்கள் ஆகும்.

தமிழ்நாட்டின் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இந்தப் பணியைப் பேராசிரியர்களைக் கொண்ட சேர்க்கைக் குழுவே பார்த்துக்கொள்கிறது. தனியார் கல்லூரிகளிலும், அரசு உதவி பெறும் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகளிலும் 'அட்மிஷன் கவுன்சிலர்' என்ற தனி ஆளை அமர்த்துவது வழக்கமாகிவிட்டது. இக்குறிப்பு முதன்மையாக அப்படி அமர்த்தப்பட்டவருக்காக எழுதப்படுகிறது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்குங்கள்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், பிற்பகல் வகுப்புகளான இரண்டாம் ஷிப்ட் முடியும் நேரத்தில் கல்லூரி வாசலில் உள்ள பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாலை முழுவதும் நின்று பாருங்கள். எந்த ஊருக்கு எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, எது நின்று ஏற்றிக்கொள்கிறது, எது நிற்காமல் போகிறது, கடைசிப் பேருந்தில் எத்தனை மாணவிகள் ஏறுகிறார்கள், இறங்கும் இடத்திலிருந்து ஊருக்குள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பவற்றையெல்லாம், அங்கே நிற்கும் பிள்ளைகளிடமே கேட்டு, ஊர்வாரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சேர்க்கை மேசையில் இதைவிடப் பயன்படும் புத்தகம் வேறில்லை என்பது என் கருத்து. உதவி பெறும் பிரிவு காலையிலும் சுயநிதிப் பிரிவு பிற்பகலிலும் நடக்கும் கல்லூரிகளில், 'இந்தப் பாடம் வேண்டாம்' என்று பெற்றோர் சொல்வதன் பொருள் பல நேரங்களில் 'இருட்டிய பிறகு இவள் வீடு திரும்ப வேண்டியிருக்கும்' என்பதுதான். பாடத்தின் பெருமையை அரைமணி நேரம் விளக்கினாலும் அந்தக் கவலை தீராது. 'ஆறு பத்துக்கு ஒரு வண்டி இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து ஏற்கெனவே நான்கு பேர் அதில்தான் போகிறார்கள்' என்ற ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்ல முடிகிறது. விடியல் பயணம் என்று அதற்குப் பெயர். புறநகர் வழித்தடப் பேருந்துகளுக்கு இது பொருந்தாது. ஆகவே ஒரு கிராமத்துக்குச் செல்வது நகரப் பேருந்தா, புறநகர்ப் பேருந்தா என்பதும் உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். மாதச் செலவைக் கணக்கிடும் ஒரு தாய்க்கு அது சிறிய வேறுபாடன்று.

விடுதியை விசாரிப்பவர்களுக்கு, கல்லூரியின் சொந்த விடுதியைத் தவிர அரசின் நலத்துறை விடுதிகளும் உண்டென்று சொல்லுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று தனித்தனியே அழைக்கப்பட்டுவந்த அவற்றுக்கு 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்ற பொதுப்பெயரை அரசு அறிவித்தது. பழைய பெயரில் கேட்பவர்களையும் புதிய பெயரில் கேட்பவர்களையும் ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மே மாதத்துக்கு நாள் குறிக்காதீர்கள்

முடிவு வெளியாகும் தேதியை நம்பி விடுப்பு எடுத்தல் கூடாது. 2025-இல் மே 9 என்று அறிவித்திருந்த பிளஸ் டூ முடிவு ஒரு நாள் முன்னதாக மே 8-ஆம் தேதியே வந்துவிட்டது. ஏப்ரல் முடிவதற்குள் விண்ணப்பப் படிவம், கட்டண அட்டை, பாடப்பிரிவுவாரியான இடங்களின் எண்ணிக்கை ஆகியவை அச்சாகி மேசையில் இருக்க வேண்டும்.

வருகிறவர்கள் 'ஐந்நூற்றுப் பன்னிரண்டு எடுத்திருக்கிறாள்' என்று அறுநூறுக்கான மொத்தத்தையே சொல்வார்கள். அரசுக் கல்லூரிகளின் தரவரிசையில் மொழிப்பாடங்கள் இரண்டையும் நீக்கி, எஞ்சிய நான்கு பாடங்களின் நானூறு மதிப்பெண்ணே கணக்கிடப்படுகிறது. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் பார்க்கப்படுகின்றன. உங்கள் கல்லூரியின் முறை எதுவாயினும், மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கியவுடன் அந்தக் கூட்டலைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். மொத்தத்தில் குறைந்தவள் பாட மதிப்பெண்ணில் முந்துவதும், மொத்தத்தில் முந்தியவள் பின்தங்குவதும் அடிக்கடி நடக்கும். கண்முன்னே போட்ட கணக்கை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இடஒதுக்கீட்டையும் இதே தாளில் விளக்கிவிடலாம். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18 (அதில் 3 அருந்ததியருக்கு), பழங்குடியினர் 1 என 69 விழுக்காடு போக, எஞ்சிய 31 பொதுப்பிரிவு. பெற்றோரிடையே பரவலாக உள்ள தவறான எண்ணம், பொதுப்பிரிவு என்பது முன்னேறிய வகுப்பினருக்கான ஒதுக்கீடு என்பது. எந்த வகுப்பைச் சேர்ந்த மாணவியும் மதிப்பெண் அடிப்படையில் முதலில் பொதுப்பிரிவில் இடம் பெறுவார், அதன் பிறகே அவரவர் பிரிவு நிரப்பப்படும் என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரியாயின் இடப்பங்கீடு வேறுபடும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெண்ணைப் பேச வைத்தல்

விண்ணப்பப் படிவத்தைத் தந்தையிடம் நீட்டாதீர்கள். பெண்ணிடம் கொடுங்கள், பேனாவையும் அவளிடமே கொடுங்கள். சித்தப்பா எட்டி வாங்க முயன்றால், 'கையெழுத்து மாணவியுடையதாக இருக்க வேண்டும், ஐயா' என்று பணிவாகச் சொன்னால் போதும். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது தந்தையை நகல் எடுக்கவோ கட்டண அட்டை வாங்கவோ அனுப்பினால் பத்து நிமிடம் கிடைக்கும். குடும்பத்தைப் பிரித்து விசாரிப்பதாகத் தோன்றிவிடக் கூடாது என்பதால், தாய் பக்கத்தில் இருப்பது நல்லது. பெரும்பாலான தாய்மார் அந்தப் பத்து நிமிடத்தில் மகளின் பக்கம் சாய்ந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

'என்னம்மா படிக்கப் போகிறாய்?' என்று கேட்டால், வீட்டில் சொல்லிக் கொடுத்த பதிலே வரும். 'எந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தை முதலில் எடுப்பாய்?', 'எந்தப் பாடத்தில் தோழிகள் உன்னிடம் சந்தேகம் கேட்பார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு முறை, பி.காம். என்று சித்தப்பா முடிவு செய்துவிட்டு வந்த ஒரு பெண், நான் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் அந்தப்பக்கம் நகர்ந்ததும், 'மேம், பி.எஸ்சி. மேத்ஸ் காலையிலயா, மதியமா?' என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். பாடத்தை அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தாள். தாய் வேலைக்குப் போவதால் தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் பொறுப்பு அவளுடையது, அதனால் பிற்பகல் வகுப்பு முடியாது என்பதே அவள் சிக்கல். எங்கள் கல்லூரியில் கணிதம் காலை ஷிப்டிலும், பி.காம். பிற்பகலிலும் இருந்தன. திரும்பி வந்த சித்தப்பாவிடம் பாடத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசவில்லை, நேர அட்டவணையை மட்டும் காட்டினேன். அவரே கணிதத்துக்கு மாறிக்கொண்டார்.

மகளிர் கல்லூரியைப் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லைக் கொண்டு விளக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் வேரூன்றிவிட்டது. சுவரையும் கேட்டையும் கைபேசிக் கட்டுப்பாட்டையும் ஆலோசகர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, தந்தையின் முகம் மலர்வதும் மகளின் முகம் சுருங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும். கேட்கும் தந்தைக்கு அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மாணவர் பேரவைத் தலைவி முதல் ஆய்வகத்தில் கருவியைப் பிரித்துப் பூட்டுகிறவர் வரை எல்லா இடத்திலும் பெண்ணே இருக்கும் இடம் இது என்பதை அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டாமாண்டு மாணவி ஒருவரை உடன் அனுப்பி வளாகத்தைச் சுற்றிக் காட்டச் செய்யுங்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள். கல்லூரியின் வரலாறு இந்த நேரத்தில் எடுபடாது. சென்னை இராணி மேரிக் கல்லூரி 1914-லும் பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி 1895-லும் தொடங்கியவை என்பது எனக்குப் பெருமிதம் தரும் செய்திதான். ஆனால் பேருந்தைப் பற்றிக் கவலைப்படும் குடும்பத்திடம் நான் அதை எடுப்பதில்லை.

'மூன்று வருடத்துக்குள் நல்ல வரன் வந்தால் என்ன செய்வது?' என்ற கேள்வி வரும். கோபப்படாமல், திருமணத்துக்குப் பிறகு படிப்பைத் தொடர்ந்து முடித்த மாணவிகள் உங்கள் கல்லூரியில் இருந்தால் அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் பிளஸ் டூ முடித்து வரும் பெண்களில் பலருக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பதினெட்டு நிறையாத பெண்ணுக்குத் திருமண ஏற்பாடு நடப்பது பேச்சில் தெரியவந்தால், அது கல்லூரிச் சேர்க்கையைச் சேர்ந்த செய்தி அன்று. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தொடர்பானது. கல்லூரி முதல்வரிடம் உடனே தெரிவித்து, 1098 என்ற சிறார் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் முன்னால் அதை விவாதிக்காதீர்கள். பெண்தான் வீட்டில் அதற்கு விலை கொடுப்பாள்.

பணமும் சான்றிதழும்

கட்டணத்தை எப்போதும் முழுத்தொகையாக, தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் பருவக் கட்டணத்தை மட்டும் சொல்லி, தேர்வுக் கட்டணத்தையும் சீருடையையும் பிறகு தெரிவிக்கும் கல்லூரிகள் உண்டு; அப்படிச் சேர்ந்த பெண் இரண்டாம் பருவத்தில் நின்றுபோவாள்.

புதுமைப் பெண் திட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வழங்கும் இத்திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. 2024 டிசம்பர் முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமணத்துக்கு நிதியும் தாலிக்குத் தங்கமும் தந்த திட்டமே இப்படி உயர்கல்விக்கானதாக மாற்றப்பட்டது. பெயரை வைத்துப் பழைய உதவியையே எதிர்பார்த்து வரும் பாட்டிமார்களுக்கு இதை நிதானமாக விளக்குங்கள். ஒரு எச்சரிக்கை: கட்டணத்திலிருந்து இந்தத் தொகையைக் கழித்துக் காட்டாதீர்கள். அது சேர்ந்த பிறகு, மாணவியின் சொந்த வங்கிக் கணக்குக்கு, மாதந்தோறும் வருவது. ஜூன் மாதத்தில் கட்ட வேண்டிய பணத்துக்கு அது உதவாது.

உதவித்தொகை தாமதமாவதற்கு நான் பார்த்த பொதுவான காரணம் பெயர்தான். மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்தாக இருக்கும் தந்தை பெயர் ஆதாரில் விரிவாக இருக்கும். வங்கியில் முன்னெழுத்தே இராது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்க்கை நாளிலேயே ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் எதைத் திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்து இ-சேவை மையத்துக்கு அனுப்புங்கள். வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் வாங்கவே பிப்ரவரியில் பள்ளிகளுக்குச் செல்லும்போது நினைவூட்டிவிடுவது உத்தமம். மே மாதத்தில் இ-சேவை மையத்தில் வரிசை நீளம்.

அசல் சான்றிதழ்களை நிறுத்திவைத்துக்கொண்டால் மாணவி வேறு எங்கும் போக மாட்டாள் என்று நிர்வாகத்தில் யாரேனும் சொல்லக்கூடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கை அதைத் தடை செய்கிறது: அசலைச் சரிபார்த்துத் திருப்பித் தந்துவிட வேண்டும். சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே விலகுபவருக்குச் சிறு நடைமுறைச் செலவு போக முழுக் கட்டணமும், அதற்குப் பிறகு இறுதி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடும், இறுதி நாள் கடந்து பதினைந்து நாட்களுக்குள் 80, முப்பது நாட்களுக்குள் 50 விழுக்காடும் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதில் உள்ளது. பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்து விலக வருபவளிடம் முகம் சுளிக்காதீர்கள். அவள் தங்கை இரண்டு ஆண்டில் பிளஸ் டூ முடிப்பாள்.

இடமில்லை என்று சொல்லும்போது

'இடமில்லை' என்பதோடு வாக்கியத்தை முடிக்கக் கூடாது. காத்திருப்புப் பட்டியலில் எத்தனையாவது இடம், சென்ற ஆண்டு அப்பட்டியலில் எதுவரை அழைக்கப்பட்டது, பக்கத்து அரசு மகளிர் கல்லூரியில் அதே பாடம் இருக்கிறதா என்பவற்றைச் சொல்லி அனுப்புங்கள். ஒரு பாடத்தில் தவறிய பெண் வந்தால், துணைத் தேர்வு சில வாரங்களிலேயே நடக்கும் என்றும் அதில் தேறினால் அதே ஆண்டில் சேரலாம் என்றும் சொல்லுங்கள். இதை அறியாமலேயே அந்த ஆண்டோடு படிப்பு முடிந்ததாக நினைக்கும் குடும்பங்கள் இன்றும் வருகின்றன.

சில கல்லூரிகளில் ஆலோசகருக்கு இத்தனை சேர்க்கை என்று இலக்கு வைப்பார்கள். மாணவிகளை அனுப்பும் பள்ளி ஆசிரியருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. நான் முதலில் வேலை பார்த்த கல்லூரியில் இலக்கை எட்டுவதற்காக, கணிதம் படிக்காத பெண்களைக் கணினி அறிவியலில் சேர்த்தோம். முதல் பருவத் தேர்வுக்குப் பிறகு அவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. அப்போது எண்ணிக்கையைக் கேட்டவர்கள் பிறகு அவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போது நான் இலக்கு வைக்கும் நிர்வாகத்திடம், சேர்ந்தவர்களின் எண்ணிக்கையோடு இரண்டாம் பருவத்துக்குக் கட்டணம் கட்டியவர்களின் எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்கிறேன்.

வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில், பணம் கட்டியும் வராதவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். பேருந்து நேரம் மாறியிருக்கும், யாருக்கேனும் உடல்நலம் குன்றியிருக்கும், விடுதி இடம் கிடைக்காமல் போயிருக்கும். பேசி முடித்ததும் காரணத்தை ஊர்ப் பெயரோடு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்த பிப்ரவரியில் அந்த ஊர்ப் பள்ளிக்குப் போகும்போது எதைப் பற்றி முதலில் பேச வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.